தொட்டில்கால் சிவப்பு

கண்ணாடிப் பிடிக்குச் சிவப்புப் பூசணுமாம். எதுக்குன்னு கேளுங்க. கேட்டா உங்களுக்கும் வயிறு எரியும்.

எங்க வீட்டுக்காரரு பகவதியப்பன் பட்டாளத்துல சவரம் பண்ணின ஆளு. சண்டை முடிஞ்சு ஊருக்கு வந்தவரு, இனிமே கத்திப் பையைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு வீடு வீடாப் பொறவாசல்ல போயி நிக்கமாட்டேன்னு சொல்லிட்டாரு. அவங்க அப்பா அப்படித்தான் நின்னாரு. சவரம் முடிஞ்சா வாழைமூட்டுல இலை போட்டுச் சோறு. நாயும் அவரும் பக்கத்துல பக்கத்துல. இவரு சின்னதுல அதைப் பாத்து வளந்தவரு. அதனால ரோட்டு முக்குல ஒரு ரூமு பிடிச்சு, கோட்டாத்துல இருந்து ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டு, கண்ணாடி மாட்டி, பெஞ்சு போட்டுக் கடை தொறந்தாரு. மொத நாளு ஒரு ஆளும் வரல்ல. இவரு அந்த நாற்காலியைச் சுத்திச் சுத்தி வாறாரு. "இனிமே முகம் என்னைத் தேடி வரும் இசக்கி, நான் முகத்தைத் தேடிப் போகமாட்டேன்"னு சொன்னப்போ அவருக்குக் கண்ணு நெறைஞ்சு போச்சு. கடைன்னா அவருக்கு அம்புட்டு உசிரு.

அந்த ரூமு பெரியவீட்டுக் கோலப்பனுக்கு உள்ளது. சனியன் அங்கதான் இருக்கு.

கடைக்குப் பின்னால ஒரு ஓலைச் சாய்ப்பு. அதுலதான் எங்க கடைசல் எந்திரம். தையல் மிஷினோட கால்மிதிச் சட்டத்துல மரத்தைப் பூட்டி அவரே செஞ்சது. பட்டாளத்துல பிளேன் உடைஞ்சா அதோட மேல்மூடிக் கண்ணாடியை வெள்ளைக்காரன் துண்டு போட்டு மோதிரம், பிடி எல்லாம் கடைவானாம். பெர்ஸ்பெக்ஸ்னு அதுக்குப் பேரு. கீழ போட்டா உடையாது. திருவனந்தபுரத்துல ஏலம் போட்டப்போ இவரு ஒரு சாக்கு நெறைய அதை வாங்கினாரு. கூடவே பிடி ஒடிஞ்ச சவரப் பிளேடு செட்டு கொஞ்சம். தலை நல்லா இருக்கு, பிடிதான் இல்ல. நாங்க பிடி கடைஞ்சு மாட்டினோம். எங்க கடையில கத்தி கிடையாது, பிளேடு செட்டுதான். அறுபடாது, எரியாது. அதுக்காகவே மூணு ஊருக்கு அப்பால இருந்து ஆளு வந்திச்சு.

மொதல்ல அவருதான் கடைஞ்சாரு. பொறவு கடையில கூட்டம் சேந்ததும் கடைசல் எங்கிட்ட வந்திச்சு. நான் பேறு பாக்கிறவ. இந்த ஊருல முப்பது வயசுக்குக் கீழ உள்ளதுல பாதி எங்கையிலயோ எங்க மாமியா கையிலயோ விழுந்ததுதான். எங்க அழுத்தணும், எங்க விடணும்னு இந்தக் கைக்கு யாரும் சொல்லிக் குடுக்காண்டாம்.

கடைசல்ல ஒரு காரியம் உண்டு. இந்த எளவுக் கண்ணாடிக்குக் கோவம் ஆகாது. மரம்னா பல்லைக் கடிச்சிக்கிட்டு உளியை அமுக்கினாலும் தாங்கும். இது சூடு ஏறினா உடனே வெளுத்துப் போகும், சீவல் உருகி உளியில போயி அப்பிக்கிடும். அதனால மேல ஓட்டையிட்ட செரட்டையில தண்ணி தொங்கவிட்டுச் சொட்டுச் சொட்டா விழவைக்கணும். உளியை ஒட்டியும் ஒட்டாமலும் பிடிக்கணும். அப்பம்தான் இடியப்பம் கணக்கா நூல் நூலா இறங்கும். இடுப்பு மெலிசா, விரல் வழுக்காம இருக்க மூணு வளையம். பொறவு உப்புத்தாள் கணக்கா சொரசொரன்னு இருக்க பராய் இலையைத் தண்ணியில நனைச்சு ஒரு தேய்ப்பு. அது மங்கலா, கஞ்சித்தண்ணி நெறத்துல நிக்கும். உமிச்சாம்பலை மூணு தடவை துணியில சலிச்சு, இத்திப்போல தேங்காயெண்ணெ தொட்டு, பழைய வேட்டித் துணியில வச்சு மிதிச்சா பைய பைய தெளியும். தெளிஞ்சு முடிஞ்சா பிடி இருக்கா இல்லையான்னே தெரியாது. அந்தால உள்ள என் விரல் ரேகை இந்தால தெரியும். கடைசியா செட்டுத் தலையை மாட்டுக பித்தளை ஆணியைக் கங்குல காய்ச்சிப் பிடியோட தலைமாட்டுல குத்தி இறக்கணும். பதமான சூடுன்னா வெண்ணெயில இறங்குகது போல இறங்கிக் கெட்டியாப் பிடிச்சுக்கிடும். சூடு கூடிச்சோ, உள்ள குமிழு விழும். விழுந்தா விழுந்ததுதான். அதை எடுக்க ஆண்டவனாலயும் முடியாது.

அப்படி ஒரு ஆணியைக் காய்ச்சிக் கையில பிடிச்சிக்கிட்டு இருக்கும்போதுதான் கோலப்பன் சாய்ப்புக்குள்ள வந்தாரு. தோளுல துண்டு, வாயில வெத்திலை.

"ஏட்டி இசக்கி, புதுச் சட்டம் கேட்டியா?"

"தமுக்கு அடிச்சானே ஏமானே. தீண்டாமை பாத்தா ஜெயிலாம்."

"கடைக்குள்ள எவன் வந்தாலும் தடுக்கப்பிடாதாம். சரி, வரட்டும். உக்காரட்டும். நாற்காலியில முதுகுதானே படும், குளிச்சாப் போச்சு. முகத்துல படுக சாமான் அப்படியா? அதனால நான் ஒண்ணு யோசிச்சு வச்சிருக்கேன். எங்க தெரு ஆளுங்களுக்கு உள்ள செட்டுல பிடிக்குச் சிவப்புப் போட்டுரு. மத்தவனுக்கு வெறும் கண்ணாடி. அந்தச் செட்டு இங்க வரப்பிடாது, இந்தச் செட்டு அங்க போகப்பிடாது. பிடியில உள்ள நெறத்தைப் பாத்து எந்தப் போலீசுகாரன் கேசு எழுதப் போறான்?"

சொல்லிட்டு அவரே சிரிச்சுக்கிட்டாரு. என்ன புத்தி, என்ன புத்தின்னு அவரு முதுகை அவரே தட்டாத கொறைதான்.

எனக்கு உள்ளங்காலுல இருந்து உச்சி வரைக்கும் பத்திக்கிட்டு வந்திச்சு. கையில இருந்த ஆணியை அப்படியே குத்தி இறக்கிட்டேன். சொய்ங்னு ஒரு சத்தம். பிடியோட கழுத்துக்கிட்ட கடுகு போல ஒரு குமிழு விழுந்து போச்சு.

"போடாட்டா?"ன்னு கேட்டேன்.

"போடாட்டா ஒண்ணும் இல்ல. ரூமு எனக்கு வேணும். வைக்கோல் போட எடம் இல்லாம கெடக்கு."

பைய சொன்னாரு. கோவமே இல்ல. அந்தக் கோவம் இல்லாத பேச்சுதான் எனக்குத் தாங்கல்ல. வெத்திலையைச் சாய்ப்பு ஓரத்துல துப்பிட்டுப் போனாரு. அதையும் நான்தான் சாம்பல் போட்டு அள்ளினேன்.

மத்தியானம் சோறு திங்க வந்த மனுசங்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். நான் கத்துகேன், அவரு குழம்பை ஊத்திப் பிசைஞ்சுக்கிட்டு இருக்காரு.

"செஞ்சி குடு இசக்கி. பிடிதானே."

"பிடிதானேவா? சோத்துல உப்புப் போட்டுத்தானே உங்களுக்கு விளம்புகேன்? இல்ல அது மறந்து போச்சா எனக்கு?"

அவரு நிமுந்து பாக்கல்ல. "ரூமு போச்சுன்னா நான் மறுபடியும் பையைத் தூக்கணும். அந்தப் பொறவாசல்ல என்னால நிக்க முடியாது இசக்கி. செத்துருவேன்"னாரு.

எந்திரிச்சுப் போயி பாத்திரத்தைப் போட்டு உருட்டினேன். ஒரு செம்பு நசுங்கிப் போச்சு. அது இன்னும் நசுங்கித்தான் கெடக்கு.

சிவப்புக்கு எங்க போக? வடசேரியில குமாரதாஸ்னு ஒருத்தரு மரக்கடைசல் செய்வாரு. தொட்டில்கால், கட்டில்கால், பிள்ளைகளுக்கு நடைவண்டி. அவருட்டப் போயி ஒரு குச்சி அரக்கு கேட்டேன். "தொட்டில்கால் சிவப்பு. கொண்டு போ. மரத்துல ஏத்தினா பேரன் பேத்தி காலம் வரைக்கும் நிக்கும்"னாரு. கண்ணாடியில நிக்குமான்னு நான் கேட்டேன். அவரு பிளேன் கண்ணாடியைக் கண்டாரா? "சுத்துகதுல எல்லாம் நிக்கும் தாயி"ன்னுட்டாரு.

மொத்தம் ஆறு செட்டு. நாலுக்குச் சிவப்பு, ரெண்டு வெறும் கண்ணாடி. குமிழு விழுந்ததைச் சிவப்புல சேக்கல்ல. கோலப்பன் குத்தம் சொல்ல எடம் குடுக்கப்பிடாதுன்னு ஒரு வைராக்கியம். எந்திரத்தை மிதிச்சு, சுத்துக பிடியில அரக்குக் குச்சியை அமுக்கினேன். உருகி உருகிப் பிடிச்சுது. தாழை ஓலையை மடக்கி மேல வச்சு இழுத்ததும் பாருங்க, குன்னிமுத்து தோத்துப் போகும். எனக்கே அழகாத்தான் இருந்திச்சு. அழகா வந்திச்சேன்னு இன்னும் கோவம் வந்திச்சு. இந்தச் சிவப்பைத் தொட்டில்கால்ல போட்டா பிள்ளைக்கு வெளையாட்டு. இதுல போட்டா மனுசனை மனுசன் தள்ளி வைக்கதுக்கு ஒரு அடையாளம். அதுக்கு நானே மிதிக்கேன். என் காலை வெட்டிப் போட்டா என்னன்னு தோணிச்சு.

மறுநாளு காலம்பர மொத ஆளா சிலுவை வந்தாரு. மணவாளக்குறிச்சிப் பக்கம் கடப்புறத்துல இருந்து மீன்காவடி சுமந்து வாறவரு. சட்டம் வரதுக்கு முன்ன அவருக்குக் கடைக்கு வெளிய, புளியமூட்டுல வச்சுத்தான் சவரம். இப்போ உள்ள வந்து நாற்காலியில உக்காந்து, "ஏ அப்பா, கண்ணாடியில நானா இது"ன்னு சிரிக்கது சாய்ப்பு வரைக்கும் கேட்டுது. அவருக்குப் போட்டது வெறும் கண்ணாடிப் பிடி. அதுவும் அந்தக் குமிழு விழுந்தது. நான் வெந்நீர் குடுக்கப் போனப்போ பாத்தேன். கொறை உள்ளதுதான் அந்த மனுசனுக்குன்னு ஆகிப்போச்சேன்னு எனக்கு நெஞ்சு கூசிப்போச்சு. அவரு ஒண்ணும் அறியல்ல. "வழுவழுன்னு இருக்கு அண்ணாச்சி"ன்னு தாடையைத் தடவிக்கிட்டே காவடியைத் தூக்கிட்டுப் போனாரு.

கொஞ்ச நேரம் கழிச்சுக் கோலப்பன் வந்தாரு. அன்னைக்கு அவரு கடைசி மவளைப் பெண்ணு பாக்க வாறாங்க. பூதப்பாண்டிப் பக்கத்து ஆளுங்க, நல்ல வசதி. மத்தியானத்துக்குள்ள வண்டி வந்துரும். மாமனாரு பளபளன்னு இருக்கணும்லா? உக்காந்ததும் மொதல்ல செட்டைத்தான் எடுத்துக் காட்டச் சொன்னாரு. சிவப்பைப் பாத்துட்டு, "கொள்ளாம், கொள்ளாம்"னு தலையாட்டிட்டு கண்ணை மூடிக்கிட்டாரு.

நான் சாய்ப்புக்குள்ள வந்து மிதிக்க ஆரம்பிச்சேன். பத்து மிதி மிதிச்சிருக்க மாட்டேன்.

"ரத்தம்! லேய், அறுத்துட்டியாலே! சவத்துப்பயலே, ரத்தம்!"

உளியைப் போட்டுட்டு ஓடினேன். பின்வாசல்ல நின்னு பாக்கேன். கோலப்பனுக்கு எடது கன்னம் பளிச்சுன்னு வழிச்சாச்சு. வலது கன்னத்துல சோப்பு நொரை செக்கச் செவேல்னு வடியுது. இவரு துண்டை வச்சு ஒத்தி ஒத்திக் காயத்தைத் தேடுகாரு. காயம் எங்க இருக்கு, இருந்தால்லா காங்க? சிவப்பு இவரு மணிக்கட்டு வழியாவும் ஒழுகுது. கையில உள்ள பிடியில பாதிச் சாயம் போயி, பாதி சவ்வு போலத் தொங்குது.

எனக்கு மனசிலாயிட்டு. தொட்டில்காலை எவன் சோப்பும் வெந்நீரும் போட்டு ஊற வைக்கான்? மரத்துக்கு உள்ளது கண்ணாடிக்கு ஆகுமா? குமாரதாசுக்கும் கூறு இல்ல, எனக்கும் கூறு இல்ல.

ஆனா அதுக்கும் மேல ஒண்ணு நடந்து கெடக்கு. எங்க வீட்டுக்காரருக்கு ஒரு பட்டாளப் பழக்கம். ஒருத்தன் முகத்துல பட்ட செட்டு உடனே சோப்புத்தண்ணியில கொதிக்கணும். மூலையில கரி அடுப்புல எப்பவும் ஒரு தகரப் போணியில தண்ணி கொதிச்சுக்கிட்டு இருக்கும். காலம்பர கடை தொறந்ததும் ஆறு செட்டையும் ஒண்ணா அதுல போட்டு எடுத்துத்தான் தொழிலைத் தொடங்குவாரு, சிலுவை போனதும் மறுபடியும் ஆறையும் ஒண்ணாப் போட்டிருக்காரு. அதுல ஒண்ணைத்தான் சிவப்பு போகுமுன்ன எடுத்துக் கோலப்பனுக்குக் காட்டினது. எது எங்க போகணும்னு கோலப்பன் ஊரைப் பிரிச்சாரு. போணியைப் பிரிக்க யாருக்கும் தோணல்ல.

"பிளேடு இழுக்கு, வேற செட்டு எடு. சிவப்பு எடு"ன்னு, ரத்தம் இல்ல சாயம்னு தெரிஞ்சுக்கிட்ட கோலப்பன் சொல்லுகாரு. இவரு போணியை எடுத்துத் தாம்பாளத்துல சாய்ச்சாரு. தண்ணி ஆரத்தி கரைச்சது போலச் சிவப்பா விழுந்திச்சு. அதுல அஞ்சு பிடி. அஞ்சும் வெறும் கண்ணாடி. கையில இருந்ததையும் துடைச்சு அதுல போட்டாரு. ஆறும் ஒரே வயித்துல பொறந்தது போலக் கெடக்கு.

எனக்குச் சிரிப்பு வந்திச்சு. முந்தானையை வாயில வச்சுக்கிட்டேன்.

"எதுலே எங்களுக்கு உள்ளது?"

"தெரியல்ல ஏமானே."

"ஒண்ணும் வேண்டாம், பழைய கத்தியை எடு."

"அது துருவேறிக் கெடக்கு ஏமானே. அது பட்டா மெய்யாவே ரத்தம் வரும்."

கோலப்பன் திரும்பி என்னைப் பாத்தாரு. ஒரு கன்னம் மனுசக் கன்னம், ஒரு கன்னம் நொரை. "ஏட்டி, நீதானே கடைஞ்சே? உனக்குத் தெரியும்லா? எடுத்துக் குடு."

தெரியாம என்ன? பெத்தவளுக்குப் பிள்ளை அடையாளம் தெரியாதா? ஒண்ணுல மூணாவது வளையம் இத்திப்போல சரிஞ்சிருக்கும். ஒண்ணுல மயிரு போல ஒரு கீறல். ஒண்ணுல அடிப்பக்கத்துல வெளுப்பு. சிலுவைக்குப் போட்டதுல கடுகுக் குமிழு. அந்தா தாம்பாளத்துல ஓரமாக் கெடக்கு, எங்கண்ணுக்கு அது மட்டும்தான் தெரியுது.

ஒரு வார்த்தை சொன்னாப் போதும். கடை நிக்கும். சொல்லிருவோம்னுதான் வாயைத் தொறந்தேன். அப்போ பாருங்க, அந்த மனுசன் சொல்லுகாரு: "சீக்கிரம் எடுட்டி. அந்தப் பயலுக மூஞ்சியில பட்டது எம்மேல பட்டா நான் இன்னைக்கு எப்படி நல்ல காரியத்துக்கு நிக்கது?"

அவ்வளவுதான். எனக்குக் கண்ணு மண்ணு தெரியல்ல.

"தெரியும்"னேன். "ஆறும் தெரியும். எது எதுன்னு கண்ணை மூடிக்கிட்டு எடுத்துத் தருவேன். ஆனா சொல்லமாட்டேன்."

"என்னட்டி சொன்னே?"

"சொல்லமாட்டேன்னு சொன்னேன். இன்னைக்குப் பெண்ணு பாக்க வாறாங்களே, அந்தப் பிள்ளை பொறந்த அன்னைக்கு உமக்கு ஓர்மை இருக்கா? கொட்டு மழை. பிள்ளை குறுக்க கெடக்குன்னு நீரே ஓடி வந்தீரு. நான் வீட்டுல இல்ல. கீழத்தெருவுல ஒருத்திக்குப் பேறு பாத்துக்கிட்டு இருந்தேன். அந்தத் தெருவுக்குள்ள வந்து, அந்த வாசல்ல நனைஞ்சுக்கிட்டு நின்னு, 'தாயே, வந்து காப்பாத்து'ன்னீரு. தாயேன்னு சொன்னது இந்த வாயிதானே? நான் அந்தக் கையோட வந்தேன். அங்க கொடி அறுத்த கத்தியாலதான் உம்ம மவளுக்கும் அறுத்தேன். அன்னைக்கு எந்தக் கைக்கு எந்த நெறம் பூசணும்னு கேட்டீரா? கேட்டிருந்தா உம்ம மவளை இன்னைக்கு எவன் பாக்க வருவான்?"

நான் கத்தின கத்துல ரோட்டுல போன மாடு நின்னு பாத்திச்சு.

கோலப்பன் முகம் வேர்த்து நொரை கரையுது. "நாளைக்கு விடியும்போது இந்தக் கடை காலியா இருக்கணும். சாமானை எல்லாம் தூக்கி ரோட்டுல எறிவேன்"னு நாற்காலிக் கையில அடிச்சாரு.

போச்சு. இவரு நாற்காலியைச் சுத்திச் சுத்தி வந்தது கண்ணு முன்ன வந்திச்சு. வாழைமூட்டு இலை வந்திச்சு. பாவி, என் வாயால கெடுத்தேனேன்னு இவரைப் பாக்கேன். இவரு பிரஷைக் கழுவி ஒதறி வச்சாரு. கையைத் துடைச்சாரு. பொறவு ரொம்பப் பணிவாக் கேட்டாரு.

"காலி பண்ணிருகேன் ஏமானே. இப்போ மிச்சம் உள்ள பாதி முகத்தை என்ன செய்ய?"

கோலப்பன் கண்ணாடியைப் பாத்தாரு. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, எங்க பக்கத்துல பாதிச் சவரத்தோட ஒருத்தன் தெருவுல நடந்தா அவன் களவு செஞ்சு பிடிபட்டவன்னு அர்த்தம். பழைய காலத்துத் தண்டனை அது. நல்ல காரியத்து அன்னைக்குப் பாதியில எந்திரிச்சா வீட்டுக்கும் ஆகாது.

அப்போதான் அவரு வண்டிக்காரன் வாசல்ல வந்து கூப்பிட்டான். "ஏமானே, மாப்பிள்ளை வீட்டு வண்டி ஆத்துப்பாலம் தாண்டியாச்சு. வீட்டுல அம்மா உங்களை உடனே வரச் சொல்லுகாங்க."

கோலப்பன் துண்டை எடுத்து வலது கன்னத்தை மூடிக்கிட்டாரு. "வாறேன் போ"ன்னாரு. அவன் போனதும் தாம்பாளத்தைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. நான் நெலைப்படியில சாஞ்சு நின்னேன். சாவுற வரைக்கும் சொல்லமாட்டேன்னு எம்மூஞ்சியில எழுதியிருந்திச்சு.

"எதையாவது போட்டு முடிச்சுத் தொலைலே"ன்னாரு. கண்ணை இறுக்க மூடிக்கிட்டாரு, பிள்ளைகளு மருந்து குடிக்கது போல.

இவரு தாம்பாளத்துல கையை விட்டாரு. ஒண்ணை எடுத்தாரு, வச்சாரு. இன்னொண்ணை எடுத்து வாசல் வெளிச்சத்துல பிடிச்சுத் திருப்பிப் பாத்தாரு. கழுத்துல கடுகுக் குமிழு மினுங்கிச்சு. இவரு அதை வச்சே மிச்சம் கன்னத்தைப் பைய வழிச்சாரு. இழுக்கல்ல, எரியல்ல. வழுவழுன்னு வந்திச்சு.

கோலப்பன் எந்திரிச்சுத் தாடையைத் தடவிப் பாத்தாரு. தடவின கையை வேட்டியில துடைச்சாரு. வாசல் வரைக்கும் போயித் திரும்பினாரு.

"இங்க நடந்தது ஒரு குருவிக்குத் தெரியப்பிடாது. கடை கெடக்கட்டும்."

கடை கெடக்கட்டுமாம்! என்னமோ தானம் குடுக்கது போல. காலி பண்ணச் சொன்னா ஊரு ஏன்னு கேக்கும். ஏன்னு சொன்னா எந்தப் பிடி முகத்துல பட்டுதுன்னு தெரியாத கதையையும் சேத்துச் சொல்லணும். பெண்ணு பாக்க வந்தவங்க காதுக்கும் போகும். பயந்துட்டாரு, அதுதான் விசயம். பயந்தவனுக்கும் என்ன மிடுக்கு பாருங்க.

அவரு போனதும் நான் இவருக்கு முன்னால வந்து நின்னேன். இவரு தாம்பாளத்தை வச்சுக்கிட்டு, பிடியில ஒட்டிக்கிட்டு இருந்த மிச்சச் சிவப்பை நகத்தால சுரண்டி எடுத்துக்கிட்டு இருக்காரு.

"வேணும்னுதானே எடுத்திய?"

"எதை?"

"கொரங்கு வேலை காட்டாண்டாம். குமிழு விழுந்தது. சிலுவைக்குப் போட்டது."

"அதுலதான் புது பிளேடு இருந்திச்சு"ன்னாரு. தலையைத் தூக்கல்ல. "நேத்து சாயங்காலம் நீ சிவப்புப் போட்டுக் குடுத்தேலா? அந்த நாலுலயும் மொண்ணை பிளேடா பாத்து மாட்டினேன். புதுசு ரெண்டும் வெறும் பிடியில மாட்டினேன்."

நேத்து மத்தியானம் இந்த மனுசனைத்தான் நான் வாயில வந்ததெல்லாம் சொல்லிச் செம்பை நசுக்கினேன். அதுக்குப் பொறவு சாயங்காலம் இவரு தனியா உக்காந்து, ஒரு வார்த்தை பேசாம, ஒவ்வொரு பிளேடா விரல்ல தடவிப் பாத்து மாட்டியிருக்காரு.

"அப்போ உங்களுக்கும் கோவம் இருந்திச்சா?"ன்னு கேட்டேன்.

அவரு குமிழு விழுந்த பிடியைத் துணியில துடைச்சு, மத்த அஞ்சோட சேத்துப் போணியில போட்டாரு.

"நீ சோத்துல உப்புப் போட்டுத்தானே விளம்புக"ன்னாரு.